வெள்ளமும் விஞ்ஞானக் கல்லூரியும்

கல்கத்தா நகரில் குடியிருக்கும் நம்மவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர சாலை வழியே பன்முறை சென்றிருப்பர். முன்னாளில் மேல் சர்க்குலர் சாலை என வழங்கிய அச்சாலையில் 92 ஆம் எண்ணுள்ள கட்டடம், கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரி. திருச்சிராப்பள்ளியை அடுத்துப் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன் 1917 முதல் பௌதிகப் பேராசிரியராக வீற்றிருந்தது இக்கல்லூரியிலேதான். ஆதலின் அக்கட்டடத்தை நம்மில் பலர் ராமனின் பெயரோடு இணைத்தே நினைக்கிறோம். ஆயினும் 1922 ஆம் ஆண்டின் மழைக்கால முடிவில் அங்கு நிகழ்ந்த மற்றொரு செயலும் நாம் அறிந்து போற்றத் தக்கது. அப்போது அக்கல்லூரியின் கூடங்களை நிரப்பியவை அரிசி மூட்டைகளும் பழந்துணிப் பொதிகளும் ஆகும்.

அச்செயலுக்குத் தலைநின்றவர் இரசாயனப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய். 1861 ஆம் ஆண்டு, இன்று வங்காள தேசத்தில் உள்ள ராருலி என்னும் சிற்றூரில் பிறந்த இவர், எடின்பரோவில் பயின்று 1887 இல் டாக்டர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் 27 ஆண்டுகள் பிரஸிடென்ஸிக் கல்லூரியில் கற்பித்தார். வங்க இளைஞர்க்குக் குமாஸ்தா உத்தியோகம் ஒன்றே கதி என்றிருந்த நிலையை மாற்றக் கருதி, வங்காள இரசாயனத் தொழிற்சாலையை நிறுவினார். 1916 இல் விஞ்ஞானக் கல்லூரிக்கு வந்த பின், அக்கட்டடத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். இல்லறம் மேற்கொள்ளாத அவருக்கு மாணவரே குடும்பம். வறிய மாணவர் சிலர் அவருடனேயே தங்கி உண்டு படித்தனர். அறுபது வயது நிறைந்த 1921 ஆம் ஆண்டு முதல், தம் சம்பளம் முழுவதையும் இரசாயனப் பகுதியின் வளர்ச்சிக்கே விட்டுக் கொடுத்தார்.

1922 செப்டம்பர் மாத இறுதியில் வட வங்காளத்தில் பெருமழை கொட்டியது. ராஜஷாஹி, போக்ரா முதலிய மாவட்டங்களில் ஆற்று நீர் ஊர்களுள் புகுந்தது. மண்சுவர்கள் கரைந்தன, கால்நடைகள் மாண்டன, வயலில் நின்ற நெற்பயிர் நீருள் மூழ்கியது. அரசாங்கம் அளித்த உதவி போதாது என்ற மனக்குறை நாடெங்கும் எழுந்தது. அந்நிலையில் வங்காள நிவாரணக் கமிட்டி ஒன்று அமைக்கப்பெற, அதன் தலைமையை 61 வயது நிரம்பிய ராய் ஏற்றார். இளமை தொட்டே வயிற்று நோயால் மெலிந்த உடல் அவருடையது. முந்திய ஆண்டில் குல்னா மாவட்டத்துப் பஞ்ச நிவாரணத்திற்கு உழைத்த களைப்பும் தீர்ந்திருக்கவில்லை.

கமிட்டியின் அலுவலகம் விஞ்ஞானக் கல்லூரியிலேயே இயங்கிற்று. ஓர் அறையில் நன்கொடை பெறுவோர். ஓர் அறையில் துணிகளை வகை பிரிப்போர். மற்றோரிடத்தில் மூட்டை கட்டுவோர். மாணவர்கள் வீடு வீடாகச் சென்று பணமும் துணியும் திரட்டினர். பெண்மணிகள் பட்டாடைகளையும் அணிகலன்களையும் கழற்றித் தந்தனர். வெள்ளம் சூழ்ந்த பகுதியில் சாந்தாஹார் என்னும் ரெயில்வே சந்திப்பு விநியோகத் தலமாக அமைந்தது. அங்கே பணியை நடத்தியவர், முந்திய ஆண்டு இந்தியன் சிவில் சர்வீஸ் பதவியைத் துறந்து வந்திருந்த இளைஞர் சுபாஷ் சந்திர போஸ். ஒத்துழையாமை இயக்கம் ஓய்ந்து மக்கள் உள்ளம் சோர்ந்திருந்த அந்நாளில், தொண்டர் பலர் இவ்வாறு ஒருங்கு திரண்டதை வியந்து, மாஞ்செஸ்டர் கார்டியன் பத்திரிகையின் நிருபரும் எழுதினார்.

படிப்பை விட்டு மாணவர் மூட்டை சுமப்பது தகுமா என்று வினவுவோர் எக்காலத்தும் உண்டு. இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஒருநாள் உணவளிப்பதோடு நின்றுவிட்டால், அடுத்த மழையில் அதே மக்கள் அதே கையை நீட்ட வேண்டியவராவர். பயின்றவன் செய்யும் தொண்டு, பயிலாதவன் செய்யும் தொண்டினின்றும் எவ்வகையில் வேறுபட வேண்டும் என்பதே உண்மையான கேள்வி. இதற்கு அவ்வெள்ளம் மூன்று விடைகளைத் தந்தது.

முதல் விடை, தொழில். பயிரிழந்த உழவர்க்குப் பிச்சை மட்டும் இடுவது அவர் மானத்தைக் குறைக்கும் என ராய் கருதினார். ஆத்ராய் பகுதியில் இராட்டினமும் பஞ்சும் வழங்கி, நூற்ற நூலுக்குக் கூலி தரும் ஏற்பாடு வேரூன்றியது. ஆராய்ச்சிக் கூடத்து அறிஞர் இராட்டினத்தைப் போற்றுவதா என்று நகைத்தோர் இருந்தனர். ஆயின் ராய் கதர் பரப்புவதைத் தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாகவே கொண்டார். அவருடைய தொழிற்சாலையில் இரசாயன நிபுணராக விளங்கிய சதீஷ் சந்திர தாஸ் குப்தரும் பின்னர் உத்தியோகம் துறந்து கதர்ப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார்.

இரண்டாம் விடை, கணக்கு. வெள்ளம் ஏன் வந்தது என்ற கேள்வி எழுந்தபோது, ரெயில் பாதைக்காக எழுப்பிய மண்மேடுகளில் நீர் வடியப் போதிய கண்கள் விடவில்லை என மக்கள் குறை கூறினர். பொறியியல் வல்லுநரோ பெரும் பொருட் செலவில் நீர்த்தேக்கங்கள் அமைக்கலாம் என்றனர். பிரஸிடென்ஸிக் கல்லூரியின் பௌதிக ஆசிரியர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸிடம் இதனை ஆராயும் பொறுப்பு வந்தது. அவர் 1870 முதல் 1922 வரையான மழைக் குறிப்புகளை எல்லாம் திரட்டிக் கணக்கிட்டார். வடவங்கத்திற்கு வேண்டுவது நீரைத் தேக்குவதன்று. விரைவில் வடியச் செய்வதே என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் ஒரிஸ்ஸாவில் 1926 இல் நேர்ந்த வெள்ளத்தையும் அவ்வாறே ஆராய்ந்தார். ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, ஆதலின் கரைகளை உயர்த்துக என்ற கருத்து ஆதாரமற்றது எனக் காட்டினார். இத்தகைய கணக்குகளை வளர்த்த அவருடைய கல்லூரி அறையிலிருந்தே 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிலையம் தோன்றியது.

மூன்றாம் விடை, ஆற்றைப் பற்றிய அறிவு. நிவாரணப் பணியில் ஈடுபட்டோருள் மேகநாத சாஹாவும் ஒருவர். டாக்கா மாவட்டத்துச் சிற்றூரில் சிறுகடைக்காரர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர் அவர். அயலூர் மருத்துவர் ஒருவர் உணவும் இடமும் அளித்ததனாலேயே நடுநிலைப் பள்ளியில் பயில முடிந்தது. பிரஸிடென்ஸிக் கல்லூரியில் ராயின் மாணாக்கர். விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து 1920 இல் உலகப் புகழ் பெற்ற பின்னும், சேற்றில் இறங்க அவர் தயங்கவில்லை. ஆறுகளை ஆராயத் தனிச் சாலைகள் வேண்டும் என்று பல ஆண்டுகள் இடைவிடாது எழுதினார். 1943 இல் தாமோதர் ஆறு கரையுடைத்துக் கல்கத்தாவின் இரயில் போக்குவரத்தைத் துண்டித்தபோது, அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் அவரும் அங்கம் வகித்தார். அதன் பயனாக விளைந்ததே 1948 இல் தோன்றிய தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன். தில்லையா, கோனார், மைதான், பாஞ்சேத் என்னும் நான்கு அணைகள் 1953 முதல் 1959 வரை எழுந்தன. திட்டமிட்டவை அனைத்தும் கட்டப்படவில்லை. 1978 இல் மீண்டும் பெருவெள்ளம் வந்ததும் உண்மை. அறிவு ஒருமுறை பெற்று முடித்து வைக்கும் பொருளன்று என்பதையே இது காட்டுகிறது.

தொண்டினால் படிப்புக் கெட்டதா? ராயிடம் பயின்ற ஞானசந்திர கோஷ் பின்னாளில் கரக்பூர்த் தொழில்நுட்ப நிலையத்தின் முதல் இயக்குநரானார். சாஹா 1952 இல் மக்களவைக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ராய் 1936 வரை அதே கல்லூரியில் பணியாற்றி, 1944 ஜூன் 16 அன்று, தாம் வாழ்ந்த அதே அறையில் உயிர் நீத்தார்.

இதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. பிற மாநிலங்களில் வாழும் நாம் சங்கம் அமைக்கிறோம். நவராத்திரியும் பொங்கலும் கொண்டாடுகிறோம். நம் பிள்ளைகள் அவ்வம்மாநிலக் கல்லூரிகளில் பயின்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் விளங்குகின்றனர். இவை நன்றே. ஆனால் நம் தெருக்கோடியில் வாழும் எளியோரின் மொழி நமக்குத் தெரியுமா? அவர்தம் குழந்தைக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தர நம் வீட்டு மாணவர் முன்வந்ததுண்டா? மழைநீர் அவர்கள் குடிசையில் மட்டும் ஏன் தேங்குகிறது என்று நம் பொறியியலாளர் எண்ணிப் பார்த்ததுண்டா? ஓர் ஊரின் நீரைக் குடித்து, அதன் கல்லூரியில் அறிவு பெற்ற பின், அவ்வூர் நமக்கு அயலூர் ஆகாது. 92 ஆம் எண் கட்டடத்தைக் கடக்கும்போது நம் ராமனை நினைப்போம். அதே மாடத்தின் கீழ் அரிசி மூட்டை கட்டிய பெயரறியா மாணவரையும் உடன் நினைப்போம்.