சாட்டை யார் மீது விழுகிறது?

2012 மே மாதம். வேலைக்குச் சேர்ந்த புதிது. அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்சிஇஆர்டியின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்த ஒரு பழைய கார்ட்டூனுக்காக நாடாளுமன்றமே ஸ்தம்பித்திருந்தது.

கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் வரைந்தது. அரசியலமைப்பு என்று பெயரிட்ட நத்தை. அதன்மேல் சாட்டையோடு அம்பேத்கர். பின்னால் சாட்டையை ஓங்கியபடி நேரு. வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

நான் சிரித்துவிட்டேன். டெட்லைன் தப்பிய ப்ராஜெக்ட், பின்னால் மேனேஜர். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அறைத்தோழன் சிரிக்கவில்லை. "நேருவோட சாட்டை நத்தை மேல விழுதா, அவர் முதுகு மேல விழுதா?" என்று கேட்டான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அரசியல் கார்ட்டூனை வாசிப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அது கோடுகளோடு, பார்ப்பவரின் நினைவையும் சேர்த்தே வேலை செய்கிறது. 1949-ன் வாசகருக்கு ஒருவர் பிரதமர், மற்றவர் சட்ட அமைச்சர். அதிகாரத்தில் இருக்கும் இருவரைக் கிண்டலடிக்கும் படம். 2012-ல் அம்பேத்கர் வெறும் அமைச்சர் இல்லை. கோடிக்கணக்கானோரின் சுயமரியாதையின் முகம். அவர் பின்னால் ஒரு பிராமணர் சாட்டையை ஓங்கினால், அந்தப் படத்துக்குள் பல நூற்றாண்டுகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சங்கர் அதை நினைத்து வரைந்தாரா என்பது வேறு கேள்வி.

திருமாவளவன் உள்ளிட்ட உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். பாடநூலின் தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. வலி நியாயமானது. தாக்குதல் அல்ல.

இந்த அமளியில் யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கார்ட்டூன் சொல்வது உண்மையா? நத்தை அவ்வளவு மெதுவாகவா போனது? அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று அவையில் பதில் சொன்னார். அமெரிக்க அரசியலமைப்பில் ஏழே பிரிவுகள், நம்முடையதில் 395. அவையில் முன்மொழியப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. அத்தனையையும் விவாதித்து முடிக்க மூன்று வருடம்கூட ஆகவில்லை.

ஒரு படம் இந்தக் கணக்கைச் சொல்லாது. சொல்ல வேண்டியதும் இல்லை. நாம்தான் தேடிப் போகவேண்டும்.

இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் என் கண் முதலில் பின்னால் நிற்கும் கூட்டத்துக்குப் போகிறது. அன்றைக்கு அந்த அறையில் நானும் அங்கேதான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.