பங்களா



இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது "பங்களாவுக்குக் குடிபோகிறோம்" என்றால் வாயைப் பிளக்காதீர்கள். அங்கே அது மாடியில்லாத வீடு. முழங்கால் வலிக்காரர்கள் தேடி வாங்குவது. நம்மூரில்தான் பங்களா என்றதும் பெரிய கேட்டும் கூர்க்காவும் நினைவுக்கு வருகிறார்கள்.

சொல் பிறந்தது வங்காளத்தில். 'பங்களா' என்றால் வங்காளத்துக்குரியது, அவ்வளவுதான். மூங்கிலை வளைத்துக் கட்டி, மேலே வைக்கோல் வேய்ந்த குடியானவர் குடிசை அது. கொட்டுகிற மழை தேங்காமல் வழிந்தோடத்தான் அந்த வளைவு. அழகு யாரை விட்டது? விஷ்ணுபூரில் அதே வளைவைச் செங்கல்லில் கோயிலாகக் கட்டினார்கள். ஷாஜகான் ஆக்ரா கோட்டையிலும் லாகூர் கோட்டையிலும் தம் மண்டபங்களுக்கு அந்தக் கூரையையே வைத்தார்.

1676இல் ஹூக்ளியில் கம்பெனியின் கப்பல்காரர்கள் தங்கப் பங்களாக்கள் போட முடிவானதை ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் தம் நாட்குறிப்பில் எழுதினார். (பின்னாளில் சென்னைக் கோட்டைக்கு ஆளுநராக வந்தவர் இவர்தான்.) பக்கத்திலேயே 'குடிசைகள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் போட்டிருக்கிறார். பிறகு வெள்ளை அதிகாரிகள் அந்த அமைப்பையே பெரிதாக்கி, சுற்றிலும் தாழ்வாரம் வைத்து, தோட்டத்துக்கு நடுவே கட்டிக்கொண்டார்கள். அதிகாரியோடு சேர்ந்து சொல்லும் பெரிய மனிதராகிவிட்டது. உங்கள் தாத்தாக்கள் 'டி.பி.' என்றது டிராவலர்ஸ் பங்களாவைத்தான். அதுவும் அதிகாரிகள் வந்து தங்கும் இடம். 1870 வாக்கில் கென்ட் கடற்கரையில் விடுமுறை வீடுகளாகப் பங்களாக்கள் எழுந்தன. அதன் பிறகு அங்கே சாதாரணக் குடும்பங்களின் வீடாயிற்று.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் இலங்கை மலையகம். திருச்சி, மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாயில் இரண்டு சொற்கள் புழங்கின. மேட்டில் இருந்தது 'துரை பங்களா'. இவர்கள் இருந்தது 'லயம்'. தாளத்தோடு வரும் லயம் அல்ல பிள்ளைகளே, ஆங்கிலத்து 'லைன்' என்ற சொல்தான் அப்படி மருவியது. ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய அறைகள்; 10 அடிக்கு 12 அடி அறை ஒன்றில் ஒரு குடும்பமே இருக்கும். இந்தியக் குடியானவரின் குடிசைப் பெயர் துரையின் வீட்டுக்குப் போயிற்று. துரையின் மொழிச் சொல் கூலிக்காரர் அறைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தத் துரை பங்களாக்களில் சில இப்போது சுற்றுலா விடுதிகள். லயங்களில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன.