ஹப்சிகுடா: ஊரில் இல்லாதவர்களின் பெயர்

தார்நாகாவைக் கடந்து உப்பல் நோக்கிச் செல்லும் மெட்ரோ வண்டியில் 'ஹப்சிகுடா' என்று அறிவிக்கப்படும்போது எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆப்பிரிக்கரைச் சுட்டும் 'ஹப்ஷி' என்ற சொல்லோடு குடியிருப்பைக் குறிக்கும் தெலுங்குச் சொல் சேர்ந்து அமைந்த பெயர் இது என்பது பரவலான விளக்கம். ஆனால் அம்மக்களின் வழிவந்தோரைக் காண விரும்புபவர் இங்கே இறங்கிப் பயனில்லை. நகரின் மறுபுறம், மாசாப் தாங்க் அருகிலுள்ள ஏ.சி. கார்ட்ஸுக்குச் செல்ல வேண்டும்.

கனடாவின் தலைநகரும் இத்தகையதே. ஹூரான் ஏரியின் மானிட்டூலின் தீவைத் தாயகமாகக் கொண்ட ஒடாவா மக்கள் வணிகத்திற்குப் பயன்படுத்திய ஆறு அவர்கள் பெயரைப் பெற்றது. பைடவுன் என்றிருந்த நகரம் 1855இல் ஆற்றின் பெயரை ஏற்று ஒட்டாவா ஆயிற்று. நகரம் நிற்பதோ அல்கோன்கின் மக்களின் நிலத்தில்.

ஏ.சி. கார்ட்ஸ் என்பது 'ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ்' என்பதன் சுருக்கம். (குளிர்சாதனத்தோடு தொடர்புபடுத்திக் கேட்டோரை நானே கண்டிருக்கிறேன்.) வனபர்த்தி அரசர் தம் ஆப்பிரிக்க மெய்க்காவல் படையை நிஜாமுக்கு அன்பளிப்பாக அளித்ததிலிருந்து இக்குதிரைப்படையின் கதையைத் தொடங்குவது வழக்கம். அன்பளிப்பாகக் கைமாறியவை குதிரைகள் மட்டுமல்ல, மனிதர்களும்தான் என்பதை அந்த வழக்கமான வாக்கியம் எத்தனை இயல்பாக விழுங்கிவிடுகிறது! 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் படை கலைக்கப்பட்டது. அரண்மனைச் சேவகத்தையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த குடும்பங்கள் கூலிவேலைக்கும் சிறுதொழிலுக்கும் தள்ளப்பட்டன.

சித்தியர் என்பதே இம்மக்களுக்கு இந்தியாவில் பரவலாக வழங்கும் பெயர். ('சித்தி' என்று எழுதினால் தமிழருக்குச் சிற்றன்னையே நினைவுக்கு வருவாள், ஆகவே பன்மையில் எழுதுகிறேன்.) ஹைதராபாத் சித்தியர் தக்கணி உருது பேசுவோர். திருமண ஊர்வலங்களில் முழங்கும் மர்ஃபா மேளத்தை ஏமனின் ஹள்ரமௌத்திலிருந்து வந்த அரபுப் படையினரோடும் இவர்களோடும் சேர்த்தே இந்நகரம் அறியும். இவர்களைப் பற்றி எழுதுவோர் பலர் மர்ஃபாவோடு நின்றுவிடுகின்றனர். தாளத்தை ரசிப்பது எளிது. வாசிப்பவனின் வாடகையைப் பற்றி எழுதுவது அத்தனை எளிதன்று.

'ஹப்ஷி' என்ற சொல்லே அபிசீனியாவைக் குறிக்கும் அரபு 'ஹபஷ்' என்பதிலிருந்து வந்தது. எத்தியோப்பியாவில் பிறந்து அகமதுநகரின் ஆட்சியை நடத்திய மாலிக் அம்பருக்கு (1548–1626) அது பொருந்தும். பிறருக்கு? விடையின் ஒரு பகுதி ஹப்சிகுடாவிலிருந்தே வந்தது. இங்குள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் குழுவினர் குஜராத், கர்நாடகச் சித்தியரின் மரபணுக்களை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். அவை பெரிதும் கிழக்காப்பிரிக்க பாண்டு மொழி பேசும் மக்களையே சுட்டின; உள்ளூர் மக்களுடனான கலப்பு ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமை உடையது என்றும் கணித்தன. ஹைதராபாத் சித்தியர் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. எனினும் துறைமுகத்து வணிகனும் அரண்மனை எழுத்தரும் இட்ட பொதுப்பெயரை ஒரு மக்களின் பூர்வீகச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது போதும்.

பெயரைப் பற்றிய இந்த ஆராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கு ஒரு சமூகம் தான் யார் என்பதை ஆவணங்களால் நிறுவ வேண்டும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டச் சித்தியர் 2003இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். தெலங்கானாவின் பட்டியலில் சித்தியர் இல்லை.