ஆங்கில வாக்கியத்தில் வினையை இனங்காணல்

ஒரு சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் வடிவைக் கொண்டும் அறியலாம், வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைக் கொண்டும் அறியலாம். தமிழில் பெரும்பாலும் வடிவே போதும். வினை என்பது வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்கிறது தொல்காப்பியம். 'பிடித்தார்கள்' என்பதைத் தனியே எடுத்து வைத்தாலும் செயல், காலம், செய்தவர் மூன்றும் அதிலேயே தெரியும். ஆங்கிலச் சொல்லுக்கு இந்த உறுதி கிடையாது.

மன்னாரின் தாழ்வுபாட்டுக் கரையில் கருவாடு காயப்போடுவதை ஆங்கிலத்தில் 'தே டிரை ஃபிஷ் ஆன் த பீச்' என்று எழுதலாம். இங்கே 'டிரை' வினை, 'ஃபிஷ்' பெயர். மழையில்லாத நாளில் மீன்பிடிப்பதை 'தே ஃபிஷ் ஆன் டிரை டேய்ஸ்' என்றால் 'ஃபிஷ்' வினையாகிவிடும், 'டிரை' பெயரடையாகிவிடும். இரு சொற்களிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, இடந்தான் மாறியது.

வினையைப் பிடிக்க நல்ல வழி, வாக்கியத்தை நேற்றைக்குத் தள்ளிப் பார்ப்பது. முதல் வாக்கியத்தில் 'டிரைட்' என்றும், இரண்டாவதில் 'ஃபிஷ்ட்' என்றும் மாறுவதே வினை. 'கட்', 'புட்' போன்றவை இறந்தகாலத்திலும் மாறாதவை. அவற்றுக்கு எழுவாயை 'ஹீ' ஆக்கி, நிகழ்காலத்தில் 'கட்ஸ்', 'புட்ஸ்' வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

'இங்' ஈற்றில் மாணவர் அதிகம் தடுமாறுகின்றனர். 'தே ஆர் ஃபிஷிங்' என்பதை நேற்றைக்கு மாற்றினால் 'ஆர்' மட்டும் 'வேர்' ஆகிறது. காலம் காட்டுவது துணைவினையே. 'ஃபிஷிங் இஸ் ஹார்ட்' என்பதிலோ 'ஃபிஷிங்' நம்முடைய 'மீன்பிடித்தல்' போன்ற தொழிற்பெயர். அங்கு வினை 'இஸ்'. 'அவர் மீனவர்' என்று வினையே இல்லாமல் பேசிப் பழகிய பிள்ளை 'இஸ்'ஸை விட்டுவிடுவது இயல்பு. அது கவனக்குறைவு அன்று, தாய்மொழியின் பழக்கம். ஆசிரியர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு திருத்துவது நல்லது.

பிற வகைகளில் பெயருக்கு முன் 'த', 'எ' வரக்கூடும். 'லி' என்று முடிவதெல்லாம் வினையடை அல்ல, 'ஃபிரெண்ட்லி' பெயரடை. 'கரையில்' என்பதில் பின்னே ஒட்டும் 'இல்' உருபின் வேலையை 'ஆன்' என்ற தனிச்சொல் முன்னே நின்று செய்கிறது.

சொற்கள் எட்டு வகை என்ற கணக்கு கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களின் வழிவந்தது. 1795இல் ஆங்கில இலக்கணம் எழுதிய லின்ட்லி மரே ஒன்பது என்றார். முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணியாற்றிய அன்றீக்கு அடிகளார் 1549 அளவில் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது, அதே இலத்தீன் வாய்பாட்டில்தான் தமிழ்ப் பெயரையும் வினையையும் அடுக்கினார். மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபிரீஸ் 1952இல் இவ்வகைகளின் பழைய பெயர்களையே விலக்கினார். வாக்கியத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே பொருந்தும் சொற்களையெல்லாம் ஒரே வகுப்பில் சேர்த்தார். 'தே — ஃபிஷ்' என்ற இடைவெளியில் 'டிரை', 'செல்', 'ஈட்' எல்லாம் பொருந்தும், 'ஃபிரெண்ட்லி' பொருந்தாது.