எலுமிச்சைத் தோலில் ஒரு காவல்காரன்

புளியங்குடி எலுமிச்சையைத் திருநெல்வேலிக்காரங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் அது நம்ம மாவட்டம்தான். 2025-ல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. ஆனா அங்கிருந்து கேரளாவுக்குப் போற மூட்டையில ஒரு எதிரியும் கூடவே போகலாம்: பெனிசிலியம் டிஜிட்டேட்டம் என்ற பச்சைப் பூசணம். முழுத்தோலை அதால துளைக்க முடியாது. முள் குத்தின காயம், அடிபட்ட இடம் வேணும். மருந்து இருக்கு. ஆனா ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டா, அதைத் தாங்குற பூசணம்தான் மிஞ்சும்.

வேற வழி உண்டான்னு 1953-லேயே இஸ்ரேல்ல கட்டர், லிட்டவர் என்ற ரெண்டு பேர் பார்த்தாங்க. பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியா இந்தப் பூசணங்களை அடக்குறதை எழுதி வச்சாங்க. 1980-களின் கடைசியில சலுட்ஸ், வில்சன் இருவரும் கவனிச்சது இன்னும் சுவாரசியம்: கழுவித் துடைச்ச பழம், கழுவாத பழத்தைவிடச் சீக்கிரம் அழுகுது! கழுவின தண்ணியை அடர்த்தியா வளர்த்தா ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் வந்துச்சு. நீர்த்து வளர்த்தப்போதான் பூசணம் தலைகாட்டுச்சு. அதுவரை அதை அமுக்கி வச்சிருந்தது தோல்ல குடியிருந்த நுண்ணுயிர்கள்.

நம்ம தொழில்ல சொன்னா, ஒரு போர்ட்டை ஒரு புரோகிராம் பிடிச்சிருந்தா இன்னொண்ணு அதுல உட்கார முடியாது. ஈஸ்ட்டும் காயத்துல இடத்தையும் சத்தையும் முதல்ல பிடிச்சுக்குது.

1995-ல் அமெரிக்காவில 'ஆஸ்பயர்' என்ற பெயர்ல கேண்டிடா ஒலியோஃபிலா ஈஸ்ட்டுக்கு அனுமதி கிடைச்சது. ஆனா அது நிலைக்கல; சில வருஷத்துல சந்தையை விட்டே போயிடுச்சு. அதோட பலவீனம் இதுதான்: பூசணம் ஏற்கெனவே வேர்விட்ட காயத்தை ஈஸ்ட்டால காப்பாத்த முடியாது. காவல்காரன் திருடனுக்கு முன்னாடி வரணும். மருந்து அளவுக்கு எப்பவும் ஒரே மாதிரி வேலை செய்யவும் இல்லை.

அதனால நமக்கான பாடம் ரெண்டு. ஒண்ணு, பழத்துல காயம் படாம பறிக்கிறதும் மூட்டை கட்டுறதும்தான் முதல் மருந்து. ரெண்டு, தோல்ல இருக்கிற நல்ல உயிர்களைக் கழுவித் தள்ளுறதுக்கு முன்னாடி யோசிக்கணும். விதை நேர்த்திக்குச் சூடோமோனாஸ் பொடி வாங்குற நம்ம விவசாயிக்கு, கிருமியைக் கிருமியால அடக்குறது புதுசு இல்லை. வன்னிக்கோனேந்தல்ல எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தாமிரபரணிப் பக்கம் கிள்ளிகுளத்துல வேளாண் கல்லூரி இருக்கு. நம்ம பழத்துக்கான காவல்காரனை நம்ம பழத்தோல்லயே தேட, இதைவிடப் பக்கத்துல வேற இடம் கிடையாது.