முகூர்த்தத்துக்கு முந்தின பேச்சு

அமெரிக்காவில் கால்பந்து என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். அதில் பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். பெயரிலேயே இவ்வளவு முரண்பாடு உள்ள ஆட்டத்தின் சட்டதிட்டங்கள் எப்படி இருக்குமோ என்று தேடிப் பார்த்தேன். ஏமாற்றம் உண்டாகவில்லை.

ஒரு கோஷ்டியோடு ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரனிடம் இன்னொரு கோஷ்டியார் ரகசியமாகப் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். மார்ச் மாதத்தில் குறித்த நாளில், குறித்த மணி அடித்த பிறகுதான் அவன் சுதந்திரப் புருஷன். அதற்கு முன்னால் வாய் திறந்தால் அபராதம். நியாயந்தானே என்று எனக்கும் தோன்றியது. அடுத்த வீட்டு வேலைக்காரனை ஆசை காட்டி அழைப்பது நல்ல காரியமா? ஆனால் பழைய கதையைப் படித்த பிறகு என் தீர்ப்பு சற்று ஆட்டங் கண்டது.

1962-ம் வருஷம் ஆர். ஸி. ஓவன்ஸ் என்ற வீரர், ஸான் பிரான்ஸிஸ்கோ கோஷ்டிக்கு ஒப்பந்தப்படி ஆட வேண்டியதையெல்லாம் ஆடிக் கடனைத் தீர்த்துவிட்டு, பால்டிமோர் கோஷ்டிக்குப் போனார். முதலாளிகள் துணுக்குற்றார்கள். மறு வருஷமே சங்கத்தின் தலைவர் பீட் ரோஸெல் பெயரால் ஒரு விதி பிறந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரனை யாராவது எடுத்துக்கொண்டால் பழைய எஜமானனுக்கு ஈடு தர வேண்டும்; இரு தரப்பும் ஒத்துப் போகாவிட்டால் எதைக் கொடுப்பது என்று ரோஸெலே தீர்மானிப்பார். எவ்வளவு விலை கேட்கப்படும் என்று தெரியாத பண்டத்தை யார் துணிந்து வாங்குவார்கள்? வீரனுடைய கூட்டின் கதவு திறந்தேயிருந்தது; இறக்கைதான் வெட்டப்பட்டிருந்தது.

இதை எதிர்த்து ஜான் மாக்கி என்ற பால்டிமோர் வீரரும் மற்றவர்களும் வழக்காடி 1976-ல் அப்பீல் கோர்ட்டிலும் வென்றார்கள். என்றாலும் முழு விடுதலை கிடைக்கவில்லை. 1982-லும் 1987-லும் வேலை நிறுத்தங்கள் நடந்தன. கடைசியில் 1992 செப்டம்பரில் மினியாபோலிஸ் நகரத்து ஜூரர்கள் வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1993-ல் ரெஜ்ஜி ஒயிட் என்னும் ஜாம்பவான் தம் இஷ்டப்படி கிரீன் பே ஊருக்குப் போய், நாலு வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். முப்பது வருஷப் போராட்டத்தின் பலன் அது.

கதவு திறந்ததும், கதவுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. முகூர்த்தத்துக்கு முன்பே கொல்லைப்புறத்தில் சம்பந்தம் பேசத் தொடங்கினார்கள். இந்தக் களவைத் தடுக்கமுடியாமல் 2013-ல் சங்கமே முன்னதாகச் சில நாள் தவணை கொடுத்தது. பின்னால் அது இரண்டு நாள் ஆயிற்று. அப்போதெல்லாம் ஆட்டக்காரனின் தரகரோடு பேசலாம், ஆட்டக்காரனோடு பேசக்கூடாதாம்! பத்திரிகைக்காரர்கள் இதற்குச் ‘சட்டபூர்வமான களவு’ என்று பொருள்படும்படி பெயர் வைத்துவிட்டார்கள்.

பெரிய களவும் உண்டு. டாம் பிராடி என்ற நட்சத்திர வீரர் வேறு கோஷ்டியில் இருந்தபோதே மியாமி கோஷ்டியார் 2019-லும் 2021-லும் அவரோடு பேச்சு வைத்திருந்ததாக 2022 ஆகஸ்டில் சங்கம் முடிவு கட்டியது. உடைமையாளர் ஸ்டீபன் ராஸுக்கு 15 லட்சம் டாலர் அபராதம். சில வாரம் விலக்கு. புதிய வீரர்களைப் பொறுக்கும் வரிசையில் கோஷ்டியின் முதல் பந்தி இடம் ஒன்றும் மூன்றாம் பந்தி இடம் ஒன்றும் பறிபோயின. இதில் எனக்கு இரக்கமில்லை.

ஆனால் கிர்க் கஸின்ஸ் கதை வேறு. மினசோட்டா கோஷ்டியின் இந்த ஆட்டக்காரருக்கு 2023 அக்டோபரில் குதிகால் நரம்பு அறுந்தது. 2024 மார்ச்சில் அட்லாண்டாவில் 18 கோடி டாலர் வரை கிடைக்கக்கூடிய ஒப்பந்தம் ஆயிற்று. நிருபர்கள் முன்னிலையில் மனிதர் சந்தோஷ மிகுதியால் புது ஊராரைப் புகழ்ந்தார். காயங்களைக் கவனிக்கும் தலைமைப் பயிற்சியாளரோடு முதல் நாளே பேசியதையும் சொல்லிவிட்டார். முதல் நாள் என்பது தவணைக் காலம். அவர் வாயே அவருடைய கோஷ்டிக்கு எதிர் சாட்சியாகிவிட்டது! கோஷ்டிக்கு 2,50,000 டாலர் அபராதம். ஐந்தாம் பந்தியில் ஓர் இடம் நஷ்டம். வீரரை இழந்த மினசோட்டாவுக்கு அந்த இடமும் போய்ச் சேரவில்லை.

அறுந்த காலை வைத்துக்கொண்டிருக்கும் மனிதன், இனி அந்தக் காலைக் கவனிக்கப் போகிறவரிடம் நாலு வார்த்தை பேசக்கூடாதா? சங்கத்துக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 2025-ல் அந்த இரண்டு நாளுக்குள் ஒரு கோஷ்டி ஐந்து வீரர்கள் வரையில், ஆளுக்கு ஒரே ஒரு தடவை, தொலைபேசியிலோ வீடியோவிலோ நேரடியாகப் பேசலாம் என்று அனுமதித்தார்கள். ஒரு வருஷத்துக் குற்றம் மறு வருஷத்துச் சலுகை!

ஒப்பந்தத்தில் கட்டுண்டவனை ரகசியமாகக் கலைப்பது நம்பிக்கைத் துரோகம். அதைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றியும் பிழைப்பைப் பற்றியும் தானே விசாரித்துக்கொள்வதைக் குற்றமாக்கும்போது, ரோஸெலின் பழைய விதியினுடைய நிழல் இன்னும் மைதானத்தில் விழுந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. விடுதலை கொடுத்தவர்களுக்கு, விடுதலையானவனைத் தானே பேச விடும் மனசு மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.