ஓட்டிசமும் விற்றமின் போத்தல்களும்: பெற்றோர் அறிய வேண்டியவை

கிளிநொச்சியில் ஒரு தாயைச் சந்தித்தேன். ஆறு வயது மகனுக்கு ஓட்டிசம். வெள்ளைச் சோறு, பிஸ்கட், தேத்தண்ணி தவிர எதையும் அவன் வாயில் வைப்பதில்லை. மேசையில், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஐந்து விற்றமின் போத்தல்கள்.

"2009இல கஞ்சியோட கிடந்த உடம்பு தங்கச்சி. அதாலதான் பிள்ளைக்கு இப்பிடியோ?" என்று கேட்டார்.

இந்தக் குற்றவுணர்வைப் பல தாய்மாரிடம் கண்டிருக்கிறேன். ஓட்டிசம் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. அதில் மரபணுக்களின் பங்கு பெரியது. தாயின் பசியையோ வளர்ப்பையோ காரணமாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

எந்த விற்றமினும் ஓட்டிசத்தைக் குணப்படுத்தாது. ஆனால் உணவின் மணம், நிறம், மென்மை ஆகியவற்றைத் தாங்க முடியாமல் சில உணவுகளையே உண்ணும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் சி, டி குறையலாம். முகம் வெளிறுதல், மண் தின்னுதல், முரசில் இரத்தம் கசிதல், கால் நோவால் நடக்க மறுத்தல், மங்கல் வெளிச்சத்தில் தடுமாறுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். குறைபாடு உறுதியானால், அதற்குரிய மருந்தை அவர் சொல்லும் அளவில் கொடுப்பது அவசியம்.

அளவு மீறினால் ஆபத்து. விற்றமின் ஏ ஈரலையும், டி சிறுநீரகத்தையும், பி6 நரம்புகளையும் பாதிக்கும். இரண்டு மூன்று போத்தல்களில் ஒரே விற்றமின் இருக்கக்கூடும், லேபிளைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரைகள் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. அதிகம் விழுங்கினால் உயிராபத்து.

கோதுமை, பால் இரண்டையும் நிறுத்தினால் ஓட்டிசம் மாறும் என்பாரும் உண்டு. பிரித்தானியாவின் 2013ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, ஓட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்ற இத்தகைய உணவு விலக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. ஏற்கனவே நான்கு உணவுகளையே உண்ணும் பிள்ளையிடம் இரண்டைப் பறித்தால் மிஞ்சுவது என்ன?

வீட்டில் செய்யக்கூடியவை:

மூன்று நாள் உண்டவற்றை எழுதி, நிறைப் பதிவோடு வைத்தியரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம். அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கொய்யா, தேசிக்காய் அதைக் கூட்டும்.

பழகிய உணவின் அருகே முட்டை, நெத்தலி, பருப்பில் வெந்த முருங்கையிலை என ஏதாவது ஒன்றைச் சிறிதளவு வையுங்கள். தின்னச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகும் தொடக்கூடும். ஒளித்துக் கலந்தால், நம்பி உண்ட சோற்றையும் அவன் வெறுக்கலாம்.

நான் புறப்படும்போது அந்தத் தாய் போத்தல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுவதற்கு.